கிரீஸ் அடிப்பது யார்?

தம்பி டோவிங் லோரியை விடியற்காலையில் வெளியே எடுக்கும்போது முதலில் ரிவர்ஸ் போட்டு வாசலைக் கடப்பான். பிறகு முன் கியர். அந்த இரண்டுக்கும் நடுவில் லோரியின் வயிற்றிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பல வாரமாக வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். நான் கவனித்ததில்லை. டீசல் லோரி நிற்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் காதில் ஏறாது.

அப்பாவுக்கு ஏறியது. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து அப்போது மூன்று வாரம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தவர் குவளையைத் தரையில் வைத்தார்.

“மூணாவது போச்சு.”

“என்னப்பா மூணாவது?”

“குரோஸ் ஜாயிண்டு. பின்னால உள்ளது. அவன நிறுத்தச் சொல்லும்மா.”

நான் வாசலுக்கு ஓடுவதற்குள் லோரி தெருமுனையைத் தாண்டிவிட்டது. கைப்பேசியில் அழைத்தேன். கேமரன் மலைப் பாதையில், லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு மேலே ஒரு வளைவில் காய்கறி லோரி ஒன்று நின்றுவிட்டதாம். முட்டைக்கோஸ் ஏற்றியது. வெயில் ஏறினால் சரக்கு வீணாகிவிடும் என்று தவுக்கே நான்கு முறை கூப்பிட்டுவிட்டாராம். “போய்ட்டு வந்து பாக்கறேன் அக்கா, அப்பாகிட்ட சொல்லு,” என்று வைத்துவிட்டான்.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அப்பா மதியம் வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பசியாறவும் இல்லை. பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் லோரியின் மூக்கு தெரிந்த பிறகுதான் “சோத்தப் போடு” என்றார்.

குரோஸ் ஜாயிண்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பில் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். எங்கள் டோவிங் தொழிலுக்குக் கணக்கு எழுதுவது நான்தான்; தமிழ்ப்பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில். ஆனால் அதைக் கையில் வைத்துப் பார்த்தது அந்த வாரம்தான்.

கியர் பெட்டி லோரியின் முன்பக்கம் சட்டத்தில் அசையாமல் இருக்கிறது. பின் சக்கரங்களைத் திருப்பும் அச்சு, பட்டை ஸ்பிரிங்குகளின் கீழே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒன்று அசையாது, மற்றொன்று ஓயாது. இந்த இரண்டுக்கும் நடுவே சுழலும் இரும்புக் குழாய்தான் புரொப்பெலர் ஷாஃப்ட். அது வளைந்து கொடுக்கவும் வேண்டும், சுழன்றுகொண்டும் இருக்க வேண்டும். அதற்காகக் குழாயின் முனைகளில் ஒரு சிறிய இரும்புச் சிலுவை. சிலுவையின் நான்கு கைகளிலும் நான்கு தொப்பிகள், ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் வட்டமாக அடுக்கிய ஊசிகள். தொப்பிகள் இரண்டு இரும்புக் காதுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். எங்கள் லோரியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் தொங்கும் ஒரு பேரிங், மூன்று குரோஸ்.

இதன் வழியாகப் போகும் பாரத்தைத்தான் நான் நினைத்துப் பார்த்ததில்லை. எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை ஆறு மடங்காக்கினால் ஷாஃப்டுக்கு வருவது 3000. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 300 கிலோவைத் தொங்கவிட்டு முறுக்குவதற்குச் சமம். அது முழுவதும் என் கட்டைவிரல் மொத்தமுள்ள நான்கு கைகள் வழியாகப் போகிறது. சாதாரண லோரி, சரக்கோடு புறப்படும்போது சில விநாடிகள் இதைத் தாங்கினால் போதும். டோவிங் லோரி, வேறொரு லோரியை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும். அதோடு, மாட்டிய லோரியின் முன்பாரம் எங்கள் பின்னச்சுக்கும் பின்னால் போய்த் தொங்குகிறது. பின்பக்கம் அமுங்கும், மூக்கு லேசாகும், பின்னால் உள்ள குரோஸ் வளையும் கோணம் மாறும். அப்பா ‘மூணாவது’ என்று சத்தத்தை வைத்தே சொன்னதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எங்கள் லோரியில் முதலில் போவது எப்போதும் மூணாவதுதான்.

அவர் பசியாறாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் வேறு.

எங்களுடையதைப் போன்ற பல நடுத்தர ஜப்பான் லோரிகளில் கைபிரேக் சக்கரத்தில் இருப்பதில்லை. கியர் பெட்டியின் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. கைபிரேக்கை இழுத்தால் பிடிபடுவது ஷாஃப்ட். ஷாஃப்ட் சுழலாவிட்டால் சக்கரம் சுழலாது, லோரி நிற்கும். அதாவது லோரி சரிவில் நிற்பது அந்த மூன்று சிலுவைகளின் தயவில். அதில் ஒன்று விட்டுப்போனால் கைபிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. மலை இறங்கும்போது எஞ்சினை வைத்து வேகத்தை அடக்குவதும் போய்விடும். மீதி இருப்பது கால் பிரேக் மட்டும். தம்பி சரிவில் லோரியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, இறங்கிப் பின்னால் போய் இரண்டு லோரிகளுக்கும் நடுவில் நின்று கொக்கி மாட்டுகிறவன்.

அப்பாவின் இடது கையில் சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது போனது. பழுதான லோரியைப் பின் சக்கரம் உருள இழுத்துப் போவதென்றால் அதன் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் எண்ணெய் ஏறாது, சக்கரம் திருப்பத் திருப்ப உள்ளே எல்லாம் காய்ந்து எரிந்துவிடும். அதனால் டோவிங் தொழில் செய்கிறவர்கள் அடுத்தவர் லோரியின் ஷாஃப்டை ரோட்டோரத்தில் படுத்துக் கழற்றிப் பழகியவர்கள். ஓர் இரவு, தாப்பாவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், அந்த லோரி ஓட்டுநர் “கைபிரேக் போட்டாச்சுண்ணே” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அடியில் போய்க் கடைசி போல்ட்டைக் கழற்றியதும் கைபிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. லோரி பின்னால் நகர்ந்தது. ஆறடி நகர்ந்து ஓரத்துக் கால்வாயில் சக்கரம் விழுந்து நின்றது. அப்பா சக்கரங்களுக்கு நடுவில் படுத்திருந்ததால் தப்பித்தார். ஷாஃப்ட் கைமேல் விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஆத்திசூடிக்கு முன்பே நானும் தம்பியும் கேட்டது: “கட்டை, கொக்கி, அப்பறம்தான் ஸ்பானர்.” முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடு, பிறகு மாட்டு, அதற்குப் பிறகு அடியில் போ. தம்பி கட்டை கொடுக்கிறவன்தான். அதில் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஷாஃப்டை இறக்கினோம். பக்கத்து லோரோங்கில் இருக்கும் போமன் அண்ணன் உதவிக்கு வந்தார். கழற்றுவதற்கு முன் அப்பா நாற்காலியிலிருந்தே சுண்ணாம்புக் கட்டியை நீட்டினார். எந்தக் காது எந்தக் காதுக்கு நேராக இருந்தது என்று ஒவ்வொரு இணைப்பிலும் கோடு போட வேண்டும். மாற்றி மாட்டினால் லோரி நடுங்கும்.

ஏன் நடுங்கும் என்று நான் பிறகு தேடிப் படித்தேன், ஆசிரியர் புத்தி. வளைந்த நிலையில் சுழலும் ஒரு குரோஸ், உள்ளே வரும் வேகத்தை அப்படியே வெளியே கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்துகிறது, இரண்டு முறை பிந்துகிறது. அடுத்த குரோஸ் சரியான வாக்கில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை எதிர்த்திசையில் ஈடுகட்டும். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஆட்டம் போடும். இதை 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கவனித்திருக்கிறார். அவருக்கு லோரி ஏது? சூரியக் கடிகாரத்தின் நிழலும் தட்டையான பலகையில் இப்படித்தான் ஒரே சீராக நகராமல் முந்திப் பிந்திப் போகிறது என்பதைக் கண்டு, இந்த மூட்டின் கோளாற்றை அதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். வண்டிக்கு ஏற்ற மாதிரி இதை மூடி, எண்ணெய் தங்கும்படி செய்து அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் காப்புரிமை வாங்கியது 1903இல். அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்படியா. கோடு நேரா போட்டியா?” என்றார்.

மூன்றாவது குரோஸின் ஒரு தொப்பியைச் சுற்றிச் சிவப்பாகத் தூள் படிந்திருந்தது. “பாரு, குங்குமம் வெச்சிருச்சு,” என்றார் போமன் அண்ணன். உள்ளே கிரீஸ் தீர்ந்து, ஊசிகள் இரும்போடு இரும்பாக உரசி, துருவாகி வெளியே வரும் தூள் அது. தொப்பியைக் கழற்றியதும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஊசிகள் பாதி பொடிந்து கொட்டின. சிலுவைக் கையில் நகத்தை வைத்து ஓட்டச் சொன்னார். ஊசிக்கு ஒன்றாக வரிவரியாகப் பள்ளம். மற்ற இரண்டு குரோஸும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நல்லதும் இல்லை.

பிறகு அப்பா நிப்பிளைக் காட்டச் சொன்னார். சிலுவையின் நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் இருக்கும். கிரீஸ் துப்பாக்கியின் வாயை அதில் மாட்டித்தான் அடிப்பார்கள். எங்கள் நிப்பிளின் மேல் சேறு காய்ந்து பாறையாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“போன மாசம் அடிச்சேன்பா,” என்றான் தம்பி.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் 18 வருடமாக இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ‘செஞ்சிட்டேன் டீச்சர், வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்’ என்பதன் ராகம் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்து ஈப்போவுக்குப் போனேன், பழைய குரோஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு. உதிரிப்பாகக் கடைத் தவுக்கே அப்பாவை முப்பது வருடமாக அறிந்தவர். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு “அய்யோ” என்றார். வெர்னியரை எடுத்துத் தொப்பியின் விட்டத்தை அளந்தார், பிறகு ஒரு தொப்பியின் முனையிலிருந்து எதிர்த் தொப்பியின் முனை வரை. கிளிப் காதுக்கு வெளிப்பக்கமா உள்பக்கமா என்று கேட்டார். லோரியின் மாடலைச் சொன்னால் போதாதா என்றேன். பழைய லோரி, யார் எப்போது எந்த ஷாஃப்டை மாற்றி வைத்தார்களோ, மாடல் பொய் சொல்லும், வெர்னியர் சொல்லாது என்றார். மலாயும் தமிழும் கலந்த அவருடைய பேச்சில் இது இன்னும் அழகாக இருந்தது.

மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்தார்.

முதல் பெட்டியில் கம்பெனி பெயர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒன்று 55 வெள்ளி. கையில் எடுத்தால் மற்றவற்றைவிட லேசாக இருந்தது. சிலுவையின் கைகளுக்கும் நடுப்பகுதிக்கும் சேரும் இடம் ஒட்டிப்போய் இருந்தது. அதை அவரே ஓரமாகத் தள்ளிவிட்டார். “மணல் லோரிக்காரன் வாங்குவான். உங்கப்பாவுக்கு நான் விக்க மாட்டேன்.”

இரண்டாவது, நடுவில் நிப்பிள் வைத்தது, 140 வெள்ளி. அப்பா எப்போதும் வாங்குவது. மூன்றாவது, நிப்பிளே இல்லாதது, 190. உள்ளே கிரீஸ் வைத்து மூடி முத்திரை போட்டுவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அதுதான்.

எது உறுதி என்று கேட்டேன். மூன்றாவது என்றார். நிப்பிள் வைக்க வேண்டுமென்றால் சிலுவையின் நடுவில் ஓட்டை போட வேண்டும், கிரீஸ் நான்கு கைக்கும் போக உள்ளே வழி குடைய வேண்டும். அந்த இடம் பலவீனம், விரிசல் விழுந்தால் அங்கேதான் தொடங்கும். அதனால்தான் மாட்டும்போதும் நிப்பிள் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, முன்னோக்கிப் போகும்போது அமுங்கும் பக்கமாக வைக்க வேண்டும், இழுபடும் பக்கமாக வைக்கக்கூடாது. நிப்பிள் இல்லாததில் இந்தக் கவலை இல்லை, சிலுவை கெட்டி. அப்படியானால் மூன்றாவதுதானே நல்லது? இல்லை என்று கையை ஆட்டினார். மூடி வைத்த கிரீஸ் ஒரு நாள் தீரும், ரப்பர் ஒரு நாள் வெடிக்கும், மலைமழையும் சேறும் உள்ளே போகும். அப்போது புது கிரீஸ் அடித்துப் பழைய அழுக்கை வெளியே தள்ள வழி கிடையாது. நிப்பிள் உள்ளதை ஒழுங்காகக் கவனித்தால் டோவிங் லோரிக்கு அதுவே அதிக நாள் வரும்.

“ஒழுங்காகக் கவனித்தால்” என்பதோடு நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“சியாப்பா மாவ் கிரீஸ்?”

யார் கிரீஸ் அடிக்கப் போவது? எந்த லோரி, எவ்வளவு பாரம், எந்த ரோடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதது இது ஒன்றுதான்.

இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அட்டையை விரித்து லோரியடியில் போவார். கெலிண்டான் மாமா கிரீஸ் துப்பாக்கியை நீட்டுவார். நான்கு தொப்பியின் ஓரத்திலிருந்தும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிப்பார். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்தத் தொப்பியைத் தட்டித் தளர்த்தி, அதிலும் வரவழைத்த பிறகுதான் வெளியே வருவார். இப்போது அப்பாவால் முட்டியை மடக்க முடியாது. கெலிண்டான் மாமா இல்லை. மிச்சம் தம்பி.

என்னிடம் பணப் பிரச்சினை இல்லை. மூன்றுக்கும் சேர்த்து 150 வெள்ளி வித்தியாசம். மலையிலிருந்து ஒரு லோரியை இறக்கினால் அதைவிடப் பல மடங்கு வரும். நான் யோசித்தது வேறு. நிப்பிள் உள்ளதை வாங்கிக்கொண்டு போனால், தம்பி கிரீஸ் அடிப்பான் என்று நம்புவதாக அர்த்தம். அவன் அடிக்க மாட்டான். ஆறு மாதத்தில் இன்னொரு குங்குமம். நிப்பிள் இல்லாததை வாங்கினால், அவன் அடிக்க மாட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. பெட்டியைத் திறந்ததும் அப்பா படித்துவிடுவார்.

மூன்றாவது பெட்டியில் மூன்று வாங்கினேன்.

வீட்டில் அப்பா ஒன்றை எடுத்துத் தொப்பியைச் சுழற்றிப் பார்த்தார். சிலுவையின் நடுவில் விரலை வைத்துத் தடவினார். ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம்.

“நிப்பிள் எங்க?”

“இதுல கெடையாதுப்பா. மூடினது.”

“ஆங்,” என்றார். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார், அதுவும் ஒரு கணம்தான். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்திச் சாத்தினார்.

அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தம்பி அடுப்படிக்கு வந்து நின்றான். “என்ன நம்பலையா அக்கா?”

நான் தண்ணீரை நிறுத்தவில்லை. அவனே தொடர்ந்தான். “அப்பா காலத்துல கெலிண்டான் இருந்தாரு. ஞாயித்துக்கெழம போன் அடிச்சா அப்பா எடுக்க மாட்டாரு. இப்ப நான் எடுக்கலன்னா அடுத்த நிமிஷம் வேற டோவிங்க கூப்புடறான். ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றேன், ஆறு மணிக்கு மறுபடி மேல ஏறறேன். எப்ப நான் அடியில போறது? ஒருத்தன்தான இருக்கேன்.”

உண்மை. அவன் ஒருத்தன்தான் இருக்கிறான் என்பதற்கு நானும் காரணம். கெலிண்டான் மாமா வயதாகி நின்றபோது, புது ஆள் போட வேண்டாம், மாதச் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டியது நான்தான். நல்ல கணக்கு. அந்த வருடம் பேங்க் கடன் குறைந்தது. கிரீஸ் துப்பாக்கியை நீட்டுவதற்கும், சரிவில் கட்டை கொடுப்பதற்கும், ‘ஞாயித்துக்கெழம வண்டி ஓடாது’ என்று போனில் சொல்வதற்கும் ஒரு பத்தி என் புத்தகத்தில் இல்லை. 55 வெள்ளிக் குரோஸைத் தவுக்கே தள்ளி வைத்தபோது நான் என்னவோ நல்ல சாமானை மட்டும் வாங்குகிறவள் போல நிமிர்ந்து நின்றேன். மலிவானதைத் தேர்ந்தெடுத்தது நான் அதற்கு மூன்று வருடம் முன்பே.

இதை அவனிடம் சொன்னேனா என்றால், முழுதாகச் சொல்லவில்லை. “நாளைக்குப் பூட்டும்போது கூட இருடா,” என்றேன்.

பூட்டுவது கழற்றுவதைவிடப் பொறுமையான வேலை. போமன் அண்ணன் சுத்தியலைத் தொடவே இல்லை. பெரிய வைஸில் வைத்து இறுக்கி இறுக்கித் தொப்பியைக் காதுக்குள் தள்ளினார். அடித்தால் காது வளையும், கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் புது குரோஸ் சில மாதத்தில் போய்விடும் என்றார். முதல் இரண்டும் சுலபமாக உட்கார்ந்தன. மூன்றாவதில் கடைசித் தொப்பிக்குக் கிளிப் உட்காரவில்லை. பள்ளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றது. தம்பி இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னான்.

“இறுக்காத!” என்று வாசலிலிருந்து அப்பாவின் குரல். “ஊசி விழுந்திருக்கும். கழட்டிப் பாரு.”

கழற்றினார்கள். ஓர் ஊசி வரிசையிலிருந்து சரிந்து தொப்பியின் அடியில் குறுக்கே படுத்துக் கிடந்தது. மீன் முள்ளைவிடக் கொஞ்சம் மொத்தம். அதை இறுக்கியிருந்தால் தொப்பி வெடித்திருக்கும், அல்லது கிளிப் அரைகுறையாக உட்கார்ந்து மலையில் எங்காவது தெறித்திருக்கும். தம்பி விரல் நுனியில் கிரீஸைத் தொட்டு ஊசியை அதன் இடத்தில் ஒட்ட வைத்தான். அவன் விரல்கள் அப்பாவுடையதைப் போலவே இருக்கின்றன. சுண்டுவிரல் முழுதாக இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சுண்ணாம்புக் கோடு கோட்டுக்கு நேராக வைத்து ஷாஃப்டை ஏற்றி முடிக்க மாலையாகிவிட்டது. லோரியைப் பின்னால் எடுத்தான், முன்னால் எடுத்தான். சத்தமில்லை. போமன் அண்ணன் கை கழுவிக்கொண்டு போன பிறகு நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தப்பா வாங்கிட்டேனாப்பா?”

“சாமான் நல்ல சாமான்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் கிரீஸ் அடிக்கவா ஒவ்வொரு வாரமும் அடியில போனேன்னு நெனைக்கிற? அந்த லோரிக்கு வாராவாரம் கிரீஸ் வேணாம். மாசத்துக்கு ரெண்டு தடவ போதும்.”

“பின்ன?”

“அடியில போனாதான் மத்ததெல்லாம் கண்ணுல படும். நடு பேரிங் ரப்பர் கிழிஞ்சிருக்கா, பிரேக் பைப்பு எங்கயாவது உரசுதா, கியர் பெட்டி எண்ணெ ஒழுகுதா, போல்ட்டு லூசா. சும்மா போய்ப் பாருடான்னா எவனும் போக மாட்டான். நானே போக மாட்டேன். கிரீஸ் அடிக்கணும்னா போய்த்தான் ஆகணும். நீ வாங்கினதுல போறதுக்கு வேலை இல்ல.”

எனக்கு இது கடையில் தோன்றவில்லை. தவுக்கேவுக்கும் தோன்றவில்லை. இப்போதும் நான் வாங்கியது சரிதான் என்று நினைக்கிறேன். அடிக்காத நிப்பிளைவிட இல்லாத நிப்பிள் மேல். ஆனால் அப்பா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை தம்பியின் கைப்பேசி என்னிடம் இருக்கிறது. அழைத்தால் நான்தான் பேசுவேன். பத்து மணிக்கு மேல் வருவான், அவசரமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்வேன். இதுவரை நான்கு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது, எழுதி வைத்திருக்கிறேன். புது கெலிண்டானுக்கு ஆள் தேடுகிறோம், கிடைத்தபாடில்லை.

போன ஞாயிறும் அப்படித்தான். தம்பி அட்டையை விரித்து டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு லோரியடியில் போனான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடச் சொன்னார்.

“நடு பேரிங் ரப்பர் எப்படிடா?”

“நல்லா இருக்குப்பா.”

“தொட்டுப் பாத்தியா, டார்ச் அடிச்சி மட்டும் சொல்றியா?”

அடியிலிருந்து பதில் வரவில்லை. அட்டை உரசும் சத்தம் கேட்டது. இரண்டு கால்களும் கொஞ்சம் உள்ளே போயின.